கழிவு ஒயிலும் கிணறும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வளவுக்குள் லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) திருத்தும் கொட்டில் வைத்திருக்கிறேன். கழிவு ஒயில் சிந்திச் சிந்தி மண் கறுத்துப்போய்விட்டது. இப்போது கிணற்றுத் தண்ணீரிலும் படலம் தெரிகிறது. எண்ணெயைத் தின்னும் பற்றீரியாத் தூள் வாங்கிக் கிணற்றுக்குள் போடலாமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: போடவே வேண்டாம். 1 கிலோ எண்ணெயை முழுதாகச் சிதைக்கப் பற்றீரியாவுக்கு 3 கிலோவுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும். நமது வெக்கைக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் கரைந்து நிற்பது 7 அல்லது 8 மில்லிகிராம்தான். 10,000 லீற்றர் உள்ள கிணற்றில் மொத்தம் 75 கிராம். 25 கிராம் எண்ணெய் சிதையுமுன்பே அது தீர்ந்துவிடும். பிறகு ஒட்சிசன் வேண்டாத வேறு பற்றீரியாக்கள் பெருகும், தண்ணீர் கூழ்முட்டை நாறும்.

முதலில் அந்தப் படலத்தைக் குச்சியால் கிழித்துப் பாருங்கள். தகடு தகடாக உடைந்து விலகியே நின்றால் அது இரும்புப் பற்றீரியாவின் படலம். உடனே ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். எண்ணெய் என்றால் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரை எடுக்காதீர்கள், ஆய்வுகூடத்தில் பரிசோதியுங்கள். கொதிக்க வைப்பதும் குளோரீன் போடுவதும் எண்ணெயை அகற்றா. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. நமது செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் பொந்துமான சுண்ணாம்புக்கல். மேலே சிந்தியது அதற்குள்ளால் எங்கும் போகும்.

ஆகவே கைவைக்க வேண்டியது மண்ணில். எண்ணெய் சிதைக்கும் சூடோமோனாசு போன்ற இனங்கள் அந்தக் கறுத்த மண்ணிலேயே ஏற்கெனவே இருக்கின்றன. எண்ணெயை நுண்துளிகளாக்கும் பொருளைச் சுரந்து, எண்ணெயில் உள்ள ஐதரோக்காபன் (காபனும் ஐதரசனும் சேர்ந்த மூலக்கூறு) சங்கிலியின் நுனியில் ஒட்சிசனை ஏற்றி, அதைக் கொழுப்பமிலமாக்கித் தின்கின்றன. அவற்றுக்குக் குறைவது காற்றும் ஈரமும் நைதரசனும் பொசுபரசும்தான். தூளுக்குக் கொடுக்கும் காசு வீண் என்பதே என் முடிவு.

தேங்கி நிற்கும் ஒயிலை மரத்தூளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கறுத்த மண்ணை வெட்டி, கிணற்றுக்குத் தொலைவில், தடித்த பொலித்தீன் விரிப்பில் 30 சென்ரிமீற்றருக்கு மேற்படாத உயரத்தில் பரப்புங்கள். சுற்றிவர வரம்பு கட்டுங்கள். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய மாட்டெரு, கொஞ்சம் உமி. 1 கனமீற்றர் மண் ஏறக்குறைய 1,500 கிலோ. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய் என்றால் 15 கிலோ. 100 பங்கு காபனுக்கு 10 பங்கு நைதரசன், 1 பங்கு பொசுபரசு என்ற கணக்கில் யூரியா 2.8 கிலோ வரும். மாட்டெரு சேர்வதால் 2 கிலோவே போதும். மாதம் 500 கிராம் வீதம் நான்கு தவணை. பொசுபரசுக்கு ரி.எஸ்.பி உரம் 600 கிராம், ஒரே தடவை. யூரியாவை மொத்தமாகக் கொட்டினால் அமோனியா எழும்பிப் பற்றீரியாவையே கொல்லும். மிஞ்சியது நைத்திரேற்று என்ற நைதரசன் சேர்வையாகக் கிணற்றுக்கு இறங்கும்.

கிழமைக்கு இரண்டு தரம் மண்வெட்டியால் புரட்டுங்கள். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் கசியக் கூடாது. கசிந்தால் காற்றுப் போகாது, வேலை நின்றுவிடும். மாரியில் தறப்பாளால் மூடுங்கள். டீசல் சில மாதங்களில் குறையும். எஞ்சின் ஒயிலின் நீண்ட சங்கிலிகளுக்கும் வளைய மூலக்கூறுகளுக்கும் ஆறு மாதத்துக்கு மேல் எடுக்கும். ஈயம், நாகம் (துத்தநாகம்) போன்ற உலோகங்களை எந்தப் பற்றீரியாவாலும் இல்லாமலாக்க முடியாது. அதனால் மணம் போனாலும் அந்த மண்ணில் கீரை, மரக்கறி வைக்காதீர்கள்.

கேள்வி: கிணற்று நைத்திரேற்றையும் பற்றீரியா அகற்றுமாமே?
– வாசகி, கோண்டாவில்

பதில்: அகற்றும். ஆனால் அந்த இனங்களுக்கு ஒட்சிசன் இல்லாத இடமும் தின்னக் காபனும் வேண்டும். கிணற்றுக்குள் சீனி போட்டுப் பார்க்க நினைக்காதீர்கள்: வேலை பாதியில் நின்றால் நைத்திரைற்று என்ற வேறொரு நைதரசன் சேர்வை மிஞ்சும், அது இன்னும் கெடுதி. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராம், நைத்திரைற்று 3 மில்லிகிராம். எல்லையைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி, நைத்திரேற்றின் செறிவு கூடும்.

கேள்வி: ஒயில் கறைக்குச் சவர்க்காரத் தூள் கரைத்து ஊற்றிக் கழுவலாமா?
– வாசகர், இணுவில்

பதில்: வெறும் மண்ணில் கூடாது, எண்ணெய் கரைந்து இன்னும் ஆழத்துக்குப் போகும். சீமெந்துத் தரையென்றால் மரத்தூள் தூவி, ஒரு இரவு விட்டு, கூட்டி அள்ளி அந்த மண்குவியலிலேயே கலந்துவிடுங்கள்.