சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தொலைவு? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நான்கு முதல் நான்கரை மணி நேரம் ஆகும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் மூன்றரை மணி நேரம் போதுமே என்று தோன்றலாம். ஆனால் ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், மெல்ல மேலேறுவதும், தரையிறங்க முறை வரும்வரை காத்திருப்பதும் பயண நேரத்தில் சேர்ந்தவையே.

பயணச்சீட்டைப் பார்த்துப் பலர் குழம்புவது வேறொரு காரணத்தால். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே இருப்பதால், சென்னையில் இரவு 11 மணிக்குப் புறப்பட்டு நாலேகால் மணி நேரம் பறந்தவர் அங்கே இறங்கும்போது கடிகாரம் காலை 5.45 காட்டும், திரும்புகையில் அங்கே காலை 9 மணிக்குக் கிளம்பினால் இங்கே 10.45க்கே வந்துவிடலாம். வயதான பெற்றோரைத் தனியே அனுப்புவோர், சீட்டில் உள்ளவை அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே விளக்கிவிடுவது மிகவும் அவசியம்.