பிராகில் ஒரு ஞாயிறு, முழங்கால் வலியுள்ள அம்மாவோடு: வரிசையை மாற்றுங்கள்

செக் தலைநகர் பிராகுக்கான உங்கள் ஒரு நாள் திட்டத்தில் காலையில் பழைய நகரம், சாயங்காலம் நடந்தே பிராக் கோட்டைக்கு ஏறுவது என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஏற்றம் அம்மாவுக்கு ஆகாது. திருப்பிப் போடுங்கள்.

22ஆம் எண் டிராமில் ஏறி 'பிராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்குங்கள். அங்கிருந்து கோட்டை வாசல் வரை கிட்டத்தட்ட சமதரைதான். அவசரப்பட்டு அடிவாரத்து 'மாலோஸ்ட்ரான்ஸ்கா'விலேயே இறங்கிவிட்டால் நீளமான படிக்கட்டு காத்திருக்கும். காகித டிக்கெட் என்றால் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள், குத்தாவிட்டால் அபராதம்.

ஞாயிறு காலையில் புனித விட்டஸ் பேராலயத்தில் வழிபாடு நடக்கும், பார்வையாளர்களை மதியத்துக்கு மேல்தான் விடுவார்கள். அதனால் 11 மணிவாக்கில் போய், முதலில் பழைய அரண்மனையின் விளாடிஸ்லாவ் மண்டபத்தைப் பாருங்கள். பிறகு பேராலயம்: 1344-இல் தொடங்கி 1929-இல்தான் முடித்தார்கள். இடப்பக்கம் மூன்றாவது சன்னலில் செக் ஓவியர் அல்போன்ஸ் மூக்காவின் வண்ணக் கண்ணாடி. அதைத் தவறவிட்டால் வந்ததே வீண்.

இறங்குவதற்கும் அதே டிராம்தான். 'மாலோஸ்ட்ரான்ஸ்கே நாமெஸ்டி'யில் இறங்கினால் சார்லஸ் பாலம் பக்கம். பாலத்தின் நீளம் 516 மீட்டர், முழுக்கக் கல் பாவியது. தடித்த அடி உள்ள செருப்பு வேண்டும்.

பாலத்தைத் தாண்டினால் பழைய நகரம். அங்கே பழைய நகர மண்டபக் கோபுரத்தில் இருக்கும் 1410-ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் பொம்மை ஆட்டம் மணிக்கொருமுறை, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதைவிட அந்தக் கோபுரத்தின் மேலிருந்து தெரியும் காட்சி நன்றாக இருக்கும். லிஃப்ட் உண்டு.

பணம் மாற்றும் கடையில் 'கமிஷன் இல்லை' என்ற பலகையை நம்பாதீர்கள், கைக்கு எவ்வளவு கொரூனா (செக் நாணயம்) வரும் என்று கேளுங்கள். ஏமாந்தால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் போய், மாற்றியதைத் திருப்பிக் கொடுத்து உங்கள் பணத்தை வாங்கிக்கொள்ளச் சட்டம் இருக்கிறது.