வென்டிலேட்டர் குழாயின் கஃப் அழுத்தத்தை ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் (சுவாசச் சிகிச்சையாளர்) ஏன் திரும்பத் திரும்ப அளக்கிறார்?

வாய் வழியே மூச்சுக்குழாயில் இறக்கும் குழாயின் கீழ்முனைக்குச் சற்று மேலே ஒரு சின்னக் காற்றுப்பை இருக்கும். அதுதான் கஃப். ஊதியதும் மூச்சுக்குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வென்டிலேட்டர் தள்ளும் காற்று மேலே கசியாமல் தடுக்கும். தொண்டையில் தேங்கும் எச்சிலும் சளியும் நுரையீரலுக்குள் இறங்குவதையும் குறைக்கும், முழுதாக இல்லாவிட்டாலும்.

பெரியவர்களுக்கு அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரளவுக்குள் (cmH₂O, அழுத்தத்தின் அலகு) நிற்க வேண்டும். குறைந்தால் தொண்டையில் களகளவென்று சத்தம், கசிவு அலாரம், நிமோனியா அபாயம். கூடினால் சுவரிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கும். விரலில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றினால் நுனி வெளுத்துப்போகுமே, அதே கதைதான். நாள்கணக்கில் நீடித்தால் புண்ணாகி, பின்னாளில் மூச்சுக்குழாயே சுருங்கிவிடலாம்.

கஃப்போடு மெல்லிய குழாயால் இணைந்து வெளியே தொங்கும் சின்னப் பலூனை, அதாவது பைலட் பலூனை, விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்வது வெறும் ஊகம். அழுத்தத்தை அளக்கும் கருவியான மானோமீட்டர்தான் வேண்டும். அதை மாட்டும்போதே கொஞ்சம் காற்று போய்விடும். அதனால் மாட்டியபடியே சரிசெய்ய வேண்டும். ஷிப்டுக்கு ஒருமுறையாவது பார்ப்பது வழக்கம். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தால் மறுபடியும்.

குழாய் நழுவாமல் பிடித்துவைப்பது கஃப்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது முகத்தில் ஒட்டும் டேப், கட்டும் நாடா ஆகியவற்றின் வேலை, கஃப் ஊதியிருக்கும்போதே குழாய் வெளியே வந்துவிடலாம்.