கேளுங்க சொல்றேன்: ப்ளூஸ் பேண்டுக்கு ஆள் எங்க கெடைக்கும்?

கேள்வி: அண்ணே, நான் பட்டர்வொர்த், வயசு 31, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. ஸ்கூல் படிக்கறப்பலருந்து கித்தார் வாசிக்கிறேன், இப்ப சில வருஷமா பி.பி. கிங், மடி வாட்டர்ஸ்னு அமெரிக்கக் கறுப்பினத்தவரோட ப்ளூஸ் இசையிலயே கெடக்குறேன். பேண்ட் ஆரம்பிக்கணும்னு ரொம்ப ஆசை, ஆனா யாரக் கேட்டாலும் "ப்ளூஸா, அது யாருக்குத் தெரியும்"னுதான் சொல்றாங்க. பினாங்குல எனக்கு ஆள் கெடைக்குமா?

பதில்: கெடைக்கும் தம்பி. ஆனா ப்ளூஸ் தெரிஞ்சவன்தான் வேணும்னு தேடினா வருஷக்கணக்கா தேடிக்கிட்டே இருப்பீங்க. தாளம் நழுவாம வாசிக்கிறவன், பக்கத்துல இருக்கறவன் என்ன வாசிக்கிறான்னு காது குடுத்துக் கேக்கறவன், அந்த மாதிரி ஆளைத் தேடுங்க, ப்ளூஸை நீங்க சொல்லிக் குடுத்துக்கலாம். ஏன்னா அதோட எலும்புக்கூடு ஒரே சாயங்காலத்துல புரிஞ்சிரும், மொத்தமே 12 பார் (ஒரு பார்னா நாலு தாள எண்ணிக்கை), மூணே கார்டு (ஈ, ஏ, பி-ன்னு சேத்து வாசிக்கிற சுரக் கூட்டு), ஈ-ல ஆரம்பிச்சா ஈ நாலு பார், ஏ ரெண்டு, திரும்ப ஈ ரெண்டு, அப்பறம் பி ஒண்ணு, ஏ ஒண்ணு, ஈ ஒண்ணு, கடைசி பார்ல பி-யைத் தொட்டுட்டு மறுபடி தலைக்கு வந்துரணும். இதை உருக்கமா வாசிக்கறதுக்கு வருஷங்கள் ஆகும், ஆனா நாலு பேர் ஒண்ணா ஒக்காந்து ஆரம்பிக்கறதுக்கு இது போதும்.

இப்ப ஆள் விஷயத்துக்கு வர்றேன். ட்ரம்மருக்கு நான் மொதல்ல கைகாட்டறது உறுமி மேளம் செட்டுப் பசங்களைத்தான். தண்ணீர்மலைக்குக் காவடி போறப்ப பாத்திருப்பீங்க, மணிக்கணக்குல நடந்துக்கிட்டே அடிப்பாங்க, வேகம் கூடாது, கொறையாது, காவடி எடுக்கறவரோட காலைப் பாத்து வாசிப்பாங்க. அந்தக் கை, அந்தக் கவனம் ரெண்டும் பேண்டுக்குத் தங்கம். ஷஃபிள்னா என்னன்னு அவங்களுக்குப் பெரிய பாடம் எடுக்க வேணாம், "தகிட தகிட"ன்னு மூணு மூணா எண்ணிக்கிட்டு நடுவுல இருக்கற 'கி'யை மட்டும் வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு "த..ட த..ட"ன்னு அடிக்கச் சொல்லுங்க, அதுதான் ஷஃபிள். ட்ரம் செட்ல ஒக்காந்து ரெண்டாவது பீட்லயும் நாலாவது பீட்லயும் ஸ்நேர் (முன்னாடி இருக்கற சின்ன ட்ரம்) விழ ஆரம்பிச்சதும் அந்தப் பையன் மொகத்தைப் பாருங்க, அவனே உங்களைத் திரும்பிப் பாப்பான்.

பேஸ் கித்தாருக்கு தமிழ் சர்ச்சுல விசாரிங்க. பாடறவங்க திடீர்னு ஒரு சரணத்தை ரெண்டாவது தடவ எடுத்தாலும் பதறாம பின்னாடியே போற பழக்கம் அவங்களுக்கு இருக்கும், ப்ளூஸ்ல அது ரொம்ப முக்கியம். ஞாயித்துக்கிழமை காலையில அவங்க வரமாட்டாங்க, அதுக்கு முந்தின ராத்திரி ரொம்ப லேட்டாவும் வச்சுக்க வேணாம். கல்யாண பேண்ட் ஆளுங்களும் நல்ல கைகாரங்கதான், ஆனா முகூர்த்த மாசம் வந்துட்டா புடிக்கவே முடியாது, அவங்களை நம்பி மட்டும் ஆரம்பிக்காதீங்க.

நம்ம ஆளுங்கதான் வேணும்னு கோடு போட்டுக்காதீங்க தம்பி. பினாங்குலருந்து வந்த ஆலிகேட்ஸ் பேண்டை எடுத்துக்கங்க, டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் அண்ணன் தம்பி மலாய்ல பாடி நாடு முழுக்கக் கேக்க வச்சாங்க. ஜாமிங் ஸ்டுடியோ (பேண்டுங்க வாடகைக்கு எடுத்து வாசிக்கிற எடம்) கவுண்டர்ல இருக்கற பையனுக்கு எந்த மலாய்க்கார ட்ரம்மர் வேற பேண்ட் தேடறான், எந்த சீனப் பையன் தனியா வந்து ஒரு மணி நேரம் வாசிச்சிட்டுப் போறான்னு எல்லாம் தெரியும், அவங்கிட்ட பேச்சுக் குடுங்க, ஒரு பேப்பர் எழுதி ஒட்டிட்டும் வாங்க. "ப்ளூஸ் ரசிகர்கள் தேவை"ன்னு மொட்டையா எழுதினா யாரும் கூப்பிடமாட்டாங்க. நான் எழுதினா இப்படி எழுதுவேன்: "பட்டர்வொர்த். நான் கித்தார். ட்ரம், பேஸ் வேணும். ஸ்லோ ப்ளூஸ், ஷஃபிள். ப்ளூஸ் தெரியலன்னா பரவால்ல, சொல்லித் தர்றேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு ராத்திரி, ரெண்டு மணி நேரம், ஸ்டுடியோ காசு பங்கு. சம்பளம் இப்போதைக்கு இல்ல." இதையே மலாய்லயும் கீழ போட்ருங்க. காசு விஷயத்தை மறைக்காதீங்க, பின்னாடி சண்டை வர்றதே அங்கதான்.

மொத ஜாமிங்குக்கு ஒரே ஒரு பாட்டு போதும். ஒருத்தர் மவுத் ஆர்கனோட வந்தா என்ன கீன்னு (எந்த சுருதின்னு) கேளுங்க, சி வச்சிருந்தா நீங்க ஜி-க்கு எறங்கி வாசிங்க, ஈ-லயே நின்னா அவருக்கு ஒண்ணும் ஒட்டாது, ஈ-க்கு ஏ மவுத் ஆர்கன் வேணும். வந்தவருக்கு அந்த எடம் குடுக்கறதுலயே உங்களப் பத்தி அவங்களுக்குத் தெரிஞ்சிரும். ஆம்ப் சத்தத்தையும் கொறச்சு வைங்க, பேஸ் காதுல விழலன்னா நீங்க அதிகமா வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்.

ஷிஃப்டை நெனச்சு மனச விடாதீங்க. மடி வாட்டர்ஸ் 1943-ல மிசிசிப்பியிலருந்து சிகாகோ போனப்ப பகல்ல ஃபேக்டரி வேலை, லாரி ஓட்டற வேலைன்னு பாத்துக்கிட்டு ராத்திரிதான் வாசிச்சார். உங்க ஷிஃப்ட் அட்டவணையை மொத நாளே வாட்ஸாப் குரூப்ல போட்ருங்க, முக்கால்வாசி ஆள் எந்தக் கரையில இருக்காங்களோ அந்தக் கரையிலயே ஸ்டுடியோ புடிங்க, வேலை முடிஞ்ச களைப்புல பாலத்து ஜாம்ல நின்னுட்டு வந்தா யாருக்கும் கை ஓடாது.

கேள்வி: நான் கோலாலம்பூர் செந்தூல், வயசு 48, சர்ச் கொயர்ல பாடறேன். ப்ளூஸ் பாடணும்னு ரொம்ப நாள் ஆசை. பேண்ட் வச்சிருக்கறது எல்லாம் 20 வயசுப் பசங்க, என்னைச் சேத்துக்குவாங்களா?

பதில்: கட்டாயம் போங்கக்கா, வயசு தடையே இல்ல. ப்ளூஸ் ரெக்கார்டு விக்க ஆரம்பிச்சதே பெண் கொரல்லதான், 1920-ல மேமி ஸ்மித், அப்பறம் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித். எலிசபெத் காட்டன் வீட்டு வேலை பாத்துக்கிட்டிருந்தவங்க, மொத ஆல்பம் 1958-ல வந்தப்ப 60 தாண்டியாச்சு. ஒண்ணு மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, கித்தார்காரங்க எப்பவும் ஈ-ல இல்லன்னா ஏ-ல நிப்பாங்க, விரலுக்கு அதான் சுகம். உங்க கொரலுக்கு எந்தக் கீ வசதின்னு வீட்லயே பாத்து வச்சுக்கிட்டு "எனக்கு சி வேணும்"னு சொல்லுங்க, கேப்போ (கித்தார் கழுத்துல மாட்டி சுருதியை ஏத்தற கிளிப்) போட்டு வாசிக்கட்டும். மொத தடவ போறப்ப ஸ்டுடியோலயே சந்திங்க, கூட ஒரு தோழியையும் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: ப்ளூஸைத் தமிழ்ல பாடினா எடுபடுமா? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: எடுபடும். நம்ம நாட்டு ப்ளூஸ் கேங் பேண்ட் நெகிரி செம்பிலான் பேச்சு மலாய்லயே பாடி ஜனங்க மனசுல நின்னாங்க, வீட்ல பேசற தமிழுக்கு மட்டும் என்ன கொறச்சல்? மொத வரி, அதே வரி திரும்ப, மூணாவது வரியில பதில், அவ்வளவுதான் அமைப்பு. "காலையில பஸ்ஸு வந்துச்சு, எனக்கு நிக்காமப் போயிருச்சு"ன்னு ரெண்டு தடவ பாடிட்டு "நேத்து வரைக்கும் வேலை இருந்துச்சு, இன்னிக்குக் கேட்டு தொறக்க மாட்டேங்குது"ன்னு முடிங்க. ஒவ்வொரு வரிக்கும் நாலு பார் இருக்கும், பாட்டு ரெண்டு பார்லயே முடிஞ்சிரும், மீதி ரெண்டு பாரை வார்த்தை போட்டு நெரப்பிராதீங்க, அது கித்தார் பதில் சொல்ற எடம்.