கால்வாய் நோய் வந்துபோன மாட்டின் இரத்தத்தில் என்ன மிச்சம் நிற்கிறது?

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறேன் ஐயா. நாட்டு மாடும் கலப்பினமுமாகப் பதினேழு உருப்படி. போன காலபோகத்துக்கு வயல் விதைத்ததும் வழக்கம்போலப் பட்டியைக் காட்டுக்கரைக்கு மாற்றினேன். அங்கே எல்லாருடைய மாடும் கலந்ததில் மார்கழியில் கால்வாய் நோய் (காலிலும் வாயிலும் கொப்புளம் போடுகிற கோமாரி) தொற்றிவிட்டது. இரண்டு கன்று செத்தது, மற்றதுகள் மூன்று கிழமையில் தேறின. ஆனால் ஆறு லீற்றர் கறந்த ஜேர்சிக் கலப்பு மாடு இப்போது இரண்டரையோடு நிற்கிறது. இரண்டு தரம் மடி வீங்கியது, ஒரு தரம் உண்ணிக் காய்ச்சல். வெயில் ஏறினால் இரைக்கிறது. குளத்துக்குள் இறங்கினால் ஏறமாட்டேன் என்கிறது. கம்பஸில் படிக்கிற மகள், வைரஸ் போனாலும் நிர்ப்பீடனக் கலங்களின், அதாவது நோயை எதிர்க்கிற கலங்களின், மரபணுவில் அடையாளம் விட்டுப் போகும் என்கிறாள். அப்படியென்றால் மாட்டின் பரம்பரையே கெட்டுவிட்டதா? மாசியில் சினைப்பட்டது, கன்றுக்கும் வருமா? ஒருதரம் வந்த மாட்டுக்கு ஊசி தேவையில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். விற்றுவிடவா?

பதில்: அண்ணை, மகள் சொன்னதில் பிழையில்லை. ஆனால் உங்கள் மாட்டின் கரைச்சலில் பெரும்பங்கு அதனால் வந்தது என்று நான் நினைக்கவில்லை. முதலில் பிள்ளை சொன்ன விசயத்தைப் பார்ப்போம்.

முத்தையன்கட்டுக் குளத்தை நினையுங்கள். டி.என்.ஏ. என்பது வெட்டி முடித்த வாய்க்கால். எங்கே திரும்புகிறது, எந்த வயலுக்கு எத்தனை மடை என்பதெல்லாம் தாய் தகப்பன் வழியாக வந்தது. கால்வாய் நோய் வைரஸ் அதில் ஒரு முழத்தைக்கூட மாற்றுவதில்லை. மாறக்கூடியது, எந்த மடை மண் போட்டு அடைத்துக் கிடக்கிறது, எது திறந்து கிடக்கிறது என்பதுதான். ஒரு கலத்துக்குள் இருக்கிற டி.என்.ஏ.யை நீட்டினால் ஏறக்குறைய 2 மீற்றர் வரும். அது கிஸ்ரோன் என்ற புரத உருண்டைகளில் நூல்போலச் சுற்றிக் கிடக்கிறது. அந்த உருண்டைகளுக்கு வால் உண்டு. வாலில் அசற்றைல், மீதைல் என்று சின்னச் சின்ன இரசாயனக் குறிகள் ஏறி இறங்கும். சில குறி ஏறினால் சுற்று தளர்ந்து அந்த இடத்து மரபணு வேலை செய்யும், வேறு சில ஏறினால் இறுகி ஊமையாகும். டி.என்.ஏ.யின் மேலேயே நேராக ஏறுகிற மீதைல் குறியும் உண்டு. எழுத்தைத் தொடாமல் நடக்கிற இந்தத் திறப்பு அடைப்பைத்தான் எபிஜெனெற்றிக் மாற்றம் என்கிறார்கள்.

கால்வாய் நோய் வைரசுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. அதன் 3சி என்ற கத்தரிப் புரதம், தான் புகுந்த கலத்தில் எச்3 என்ற கிஸ்ரோனின் வாலை நறுக்கிவிடும். 1990 அளவிலேயே கண்டுபிடித்த சங்கதி இது. வாலோடு குறிகளும் போய்விடுகின்றன. ஆனால் அப்படி நறுக்குப்பட்ட கலம் பிழைப்பதில்லை. நாக்கிலும் குளம்போரத்திலும் நீங்கள் பார்த்த கொப்புளம் உடைந்ததோடு அதுவும் கழன்று போயிருக்கும். ஆகவே மாதக்கணக்கில் நிற்கிற அடையாளம் அதுவல்ல.

நிலைத்து நிற்கிற அடையாளம் வேறு வழியாக வருகிறது. கடும் தொற்று வந்தால் உடம்பு முழுக்க அபாயச் செய்தி ஓடும். அந்தச் செய்தி எலும்பு மச்சைக்குள் இருந்து இரத்தக் கலங்களை ஈனுகிற தாய்க் கலங்களையும் எட்டுகிறது. கிருமியோடு சண்டை பிடிக்கிற இரத்தக் கலங்களான வெண்குழியங்களில் பல சில மணி நேரமோ சில நாளோதான் உயிரோடிருக்கும். அவற்றில் குறி ஏறினால் அவற்றோடு போய்விடும். தாய்க் கலத்தில் ஏறினால், அது ஈனுகிற வெண்குழியமெல்லாம் அரைவாசி திறந்த மடையோடு பிறக்கும். 2023 இல் நியூயோர்க்கின் வெயில் கோர்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் கடும் கொவிட் வந்து மாறினவர்களின் இரத்தத்தில் இதைப் பார்த்தார்கள். ஒரு வருடம் வரைக்கும் தாய்க் கலங்களில் அந்தத் திறப்பு நின்றது. செய்தி காவியதில் ஐ.எல்.6 என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. அதற்கு முன்னரே, 2012 இல், நெதர்லாந்தில் பி.சி.ஜி. ஊசி போட்டவர்களின் வெண்குழியங்களில் மூன்று மாதம் கழித்தும் கிஸ்ரோன் குறி மாறியிருந்ததைக் கண்டார்கள். காசநோய்க்குப் போட்ட ஊசி, சம்பந்தமில்லாத கிருமிக்கும் அந்தக் கலங்களைச் சுறுசுறுப்பாக்கியிருந்தது.

சுறுசுறுப்பு எப்போதும் நன்மை என்று எடுக்க வேண்டாம். அரைவாசி திறந்த மடை அடுத்த கிருமி வந்தால் உடனே பாயும்; கிருமி இல்லாத நேரத்திலும் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவுதான் நாள்பட்ட அழற்சி. இன்னொரு வகையும் உண்டு. வருடக்கணக்காக உடம்பில் கிடக்கிற வைரசோடு மல்லுக்கட்டின ரி கலங்கள் என்ற வெண்குழிய வகை களைத்து, அவற்றின் மடைகள் அடைபட்டுப்போகும். மனிதரில் ஹெப்பற்றைற்றிஸ் சி வைரசை மருந்தால் முற்றாக அழித்த பிறகும் அந்தக் களைப்பின் தழும்பு கலங்களில் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் உங்கள் மாட்டில் நடந்திருக்குமா? நடந்திருக்கலாம். ஆனால் கையில் இருக்கிற தடயம் வேறு பக்கம் காட்டுகிறது. உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது மடி வீக்கமல்ல, குளத்தைவிட்டு ஏறாத கதை. நாளைக்கு மத்தியானம் மாட்டின் முதுகையும் விலாவையும் தடவிப் பாருங்கள். மயிர் வழமையைவிட நீண்டு, சொரசொரவென்று, உதிராமல் நிற்கிறதா? மாங்குளம் பக்கம் ஒரு பட்டியில் இப்படி ஒரு மாடு பார்த்தேன். வயிறு வரைக்கும் தண்ணீருக்குள் நின்று, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற நாட்டு மாடுகள் அதே வெயிலில் ஆறுதலாக அசைபோட்டன. கால்வாய் நோய் சில மாடுகளில் ஓமோன் சுரப்பிகளைக் கெடுத்துவிடும். அவை வெப்பத்தைத் தாங்கா, மயிர் நீளும், பால் குறையும், சினை தங்குவதும் பிந்தும். உங்களுடையது சினைப்பட்டது நல்ல செய்தி. பழைய வைத்தியர்களுக்கு மரபணுக் குறி ஒன்றும் தெரியாது, ஆனால் இரைக்கிற மாட்டை நன்றாகத் தெரியும். இதற்குத் திருப்பி ஆக்கும் மருந்து இல்லை. விடியவும் பின்னேரமும் மேய விட்டு, பத்து மணிக்குப் பிறகு கிடுகு போட்ட கொட்டிலிலோ மர நிழலிலோ கட்டித் தண்ணீர் வையுங்கள்.

மடி வீங்கினதற்கும் கிட்டடியில் காரணம் உண்டு. கொப்புளம் முலைக்காம்பிலும் வரும். ஆறினாலும் காம்பு நுனி பழையபடி இறுக மூடாவிட்டால் பற்றீரியா உள்ளே போக வழி கிடைத்துவிடும். உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான். கிருமி முந்தியே இரத்தத்தில் பதுங்கிக் கிடந்து, மாடு சோர்ந்த நேரம் பார்த்துத் தலை தூக்கும். வெண்குழியத்தின் குறிக்கு இதில் ஒரு கை இருந்தாலும், அதை அளக்கிற பரிசோதனை நம் ஊர் வைத்திய அலுவலகத்தில் இல்லை. அளந்தாலும் போடுகிற மருந்து மாறப்போவதில்லை. இரத்தத்தைக் கண்ணாடித் தட்டில் தடவிப் பார்க்கிற பழைய சோதனைதான் இப்போது உங்களுக்குப் பயன். உண்ணிக் காய்ச்சலில் எந்த வகை என்று அது சொல்லும். குடற்புழுவுக்குச் சாணத்தையும் கொடுத்துப் பாருங்கள்.

கன்று விசயம். இரத்தக் கலத்தில் ஏறின குறி கன்றுக்குப் போகிற வழி இல்லை. சினை முட்டை வேறு கலம், கருப்பிடித்ததும் அதிலிருக்கிற பழைய குறிகளிலும் பெரும்பகுதி துடைபடும். நோய் மார்கழியில், சினை மாசியில், ஆகவே வைரஸ் கருவைத் தொட்டிருக்கவும் வாய்ப்பில்லை. வயிற்றில் இருக்கும்போதே தொட்டால் கதை வேறு. பி.வி.டி. என்ற மாட்டு வைரஸ் கருவைத் தொற்றிய கன்றுகள் பார்வைக்குச் சுகமாகப் பிறந்தும், அவற்றின் வெண்குழியங்களில் மீதைல் குறி மாறியிருந்ததை அமெரிக்காவில் கொலராடோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். உங்கள் கன்றுக்கு நீங்கள் பார்க்க வேண்டியது ஈன்றதும் சுரக்கிற கடும்புப் பால். மாட்டின் நஞ்சுக்கொடி வழியாகப் பிறபொருளெதிரி என்ற, கிருமியை மறிக்கிற புரதம் கன்றுக்குப் போகாது, எல்லாம் கடும்பில்தான் போகும். கன்றின் குடல் அதை உள்ளே விடுவது முதல் நாள் மட்டும்தான், அதிலும் முதல் ஆறு மணித்தியாலம் பெறுமதியானது. நஞ்சு விழட்டும் என்று கன்றைத் தடுத்து வைக்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. கார்த்திகையில் ஈனும்போது அதைச் செய்ய வேண்டாம்.

ஊசி கட்டாயம். மச்சையில் நிற்கிற திறந்த மடை எந்தக் கிருமி என்று ஆள் பார்க்காது. கால்வாய் நோய் வைரசை இனங்கண்டு மறிப்பது பிறபொருளெதிரி. அது குறைந்துகொண்டே போவதால்தான் ஆறு மாதத்துக்கொருதரம் போடச் சொல்கிறோம். வைரசில் ஏழு வகை. நம் நாட்டில் பெரும்பாலும் ஓ வகை, ஆனால் ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு மற்றதுக்கு உதவாது. பட்டியைக் காட்டுக்கரைக்குச் சாய்க்க முதல், ஆவணி புரட்டாதிக்குள், எல்லா உருப்படிக்கும் முடித்துவிடுங்கள். சினை மாடு எதுவென்று ஊசி போட வருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

விற்கிற யோசனையை ஈனும் வரைக்கும் தள்ளிப்போடுங்கள். மயிர் நீண்டு நின்றால் ஆறு லீற்றர் திரும்பும் என்று நான் ஆசை காட்டமாட்டேன், கன்றுக்காக வைத்திருக்கலாம். கைமாற்றினால் நோய் வந்த மாடு என்று சொல்லிக் கொடுங்கள். தேறின மாட்டின் தொண்டைக்குள் வைரஸ் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கிலும் கிடக்கும், மற்றதுக்குத் தொற்றுவது அரிது என்றாலும்.

நாளைக் காலை கறக்க முதல் நாலு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைக் கறுத்தச் சட்டிக்குள் விட்டுப் பாருங்கள். திரியோ தண்ணீர்ப் பாலோ தெரிந்தால் அந்தக் காம்பைக் கடைசியாகக் கறவுங்கள், அந்தப் பாலைக் கொட்டில் நிலத்தில் ஊற்றாமல் தூரக் கொண்டுபோய்ப் புதையுங்கள், அன்றைக்கே வைத்தியருக்கு அறிவியுங்கள்.