இரவில், மூடுபனியில் கடல் நடுவேயுள்ள எண்ணெய் மேடையை ஹெலிகாப்டரில் நெருங்குவது: கேள்வி பதில்

கேள்வி (பயிற்சி விமானி): மேடை கண்ணுக்கே தெரியாதபோது எதை நம்பிப் போவது?

பதில்: வட கடலில் பழகிய வழி, ஹெலிகாப்டரின் வானிலை ரேடாரை வைத்துக் காற்றை எதிர்த்து நெருங்குவது. பகலில் 200 அடிக்கும் இரவில் 300 அடிக்கும் கீழே போகக் கூடாது. மேடையில் ஹெலிகாப்டர் இறங்கும் தளமான ஹெலிடெக்கைவிட 50 அடியாவது உயரத்திலும் இருக்க வேண்டும். உயரத்தைப் பார்க்க, ரேடியோ அலையால் கீழுள்ள பரப்பிலிருந்து உயரத்தை அளக்கும் ரேடியோ ஆல்டிமீட்டர். மேடைக்கு 1.5 கடல் மைல் இருக்கும்போது 10 டிகிரி ஒரு பக்கமாக விலகிவிடுங்கள். நேராகவே போனால், இறங்க முடியாமல் மேலேறும்போது அந்தப் பாதை மேடையின் கிரேன்மீதே அமையும். 0.75 கடல் மைலுக்குள் மேடை தென்படவில்லையா, விலகிய பக்கமே திரும்பி ஏறிவிடுங்கள். ரேடார் திரையில் தெரியும் புள்ளி சரக்குக் கப்பலாகவும் இருக்கலாம். ஜிபிஎஸ்ஸோடு ஒத்துப்பார்க்காமல் இறங்காதீர்கள்.

கேள்வி: விளக்கு தெரிந்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததுதானே?

பதில்: இல்லை, அதற்குப் பிறகுதான் அதிகக் கவனம் வேண்டும். 2009 பிப்ரவரி 18 இரவு, வட கடலின் ஈடாப் மேடைக்குப் போன ஈசி225 ரக ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. 18 பேரும் பிழைத்தார்கள். இரு விமானிகளின் பார்வையும் மேடைமீதே இருந்ததால், ஹெலிகாப்டர் கடலை நோக்கி இறங்குவதை இருவருமே உணரவில்லை என்றது பிரிட்டிஷ் விசாரணை. 150 அடிக்கு வைத்திருந்த குரல் எச்சரிக்கையை நிறுத்தியிருந்தார்கள். 100 அடி எச்சரிக்கையோ ஒலிக்கவேயில்லை. சுற்றிலும் இருட்டு, நடுவே ஒரே ஒளித்திட்டு என்றால் உயரத்தையும் சரிவையும் கண் தப்பாகவே கணிக்கும். மூடுபனி அதை இன்னும் மோசமாக்கும். ஆகவே ஒருவர் வெளியே பார்த்தால், மற்றவர் கடைசிவரை கருவிகளிலிருந்து கண்ணெடுக்கவே கூடாது. உயரம், வேகம், இறங்கும் வீதம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எச்சரிக்கைக் குரலை எந்தக் காரணத்துக்காகவும் அணைக்காதீர்கள்.

கேள்வி: வேகத்தைச் சீக்கிரமே குறைத்துக்கொண்டால் நல்லதல்லவா?

பதில்: ஓர் அளவுக்குக் கீழே வேகம் குறையக் குறைய, உயரத்தைக் காக்க அதிகச் சக்தி வேண்டும். அதைக் கொடுக்காவிட்டால் மூக்கு நிமிர்ந்தபடியே ஹெலிகாப்டர் அமிழும். இரவில் அது தெரியாது.

கேள்வி (ஹெலிடெக் பணியாளர்): எங்கள் பங்கு என்ன?

பதில்: விளிம்பில் பச்சை விளக்கு, இறங்கும் வட்டத்தில் மஞ்சள், நடுவே பச்சை ‘எச்’ மூன்றும் எரிகின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். கண்ணைக் கூசவைக்கும் ஃப்ளட் லைட்டை அணையுங்கள். மேகத்தின் அடிமட்டம், பார்வைத் தூரம் இரண்டையும் உள்ளபடியே சொல்லுங்கள். டெக் பாதுகாப்பாக இல்லையென்றால் மின்னும் சிவப்பு விளக்கைப் போடத் தயங்காதீர்கள்.