பாறையில் ஏறும்போது மட்டும் வண்டி ஏன் செத்துப் பிழைக்கிறது?

கேள்வி: என் ராக் கிராலர் (பாறை ஏறும் ரிமோட் கார்) சமதரையில் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடுகிறது. பாறை இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபடி முறுக்கினால் மட்டும் ஒரு நொடி மோட்டார், ஸ்டியரிங், லைட் எல்லாமே செத்துவிடுகிறது. அப்புறம் தானாகவே உயிர் வருகிறது. ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன், ரிசீவரை (வண்டியில் ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) ரிமோட்டோடு மறுபடி இணைத்து பைண்ட் செய்தேன், பலன் இல்லை. போன மாதம் 35 கிலோ முறுக்கு விசை உள்ள சர்வோ (ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டார்) மாட்டியதைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை. ஈஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போய்விட்டதா, புதிது வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள், இப்போதைக்கு எதையுமே வாங்காதீர்கள். உங்கள் ஈஎஸ்சி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. விடை உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் நினைப்பை வைத்துக்கொண்டு பாகம் மாற்றுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் வீண் செலவுக்கு முதல் காரணம், அதனால் அளந்து பார்த்து உறுதி செய்துகொண்டு அப்புறம் முடிவு எடுப்போம்.

முதலில் கவனிக்க வேண்டியது, வண்டி நிற்கும்போது கூடவே எது எது நிற்கிறது என்பது. மோட்டார் மட்டும் நின்று ஸ்டியரிங் வேலை செய்தால், ஈஎஸ்சி பேட்டரியைக் காப்பாற்ற மோட்டாரை நிறுத்தியிருக்கும், அல்லது சூடு தாங்காமல் தானே நின்றிருக்கும். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி செல்லுக்கு 3.2 வோல்ட் பக்கம் இறங்கினாலே பல ஈஎஸ்சிகள் இப்படிச் செய்யும். சென்சார் உள்ள பிரஷ்லெஸ் மோட்டார் மெதுவாக உருளும்போது மட்டும் திக்கித் திக்கிப் போனால் சென்சார் ஒயரைப் பாருங்கள். முறுக்கும்போது ஸ்டியரிங் மட்டும் வெடவெடவென்று துள்ளினால் அது மோட்டார் கிளப்பும் மின் இரைச்சல், அதற்குப் பின்னால் வருகிறேன். உங்களுக்கு மோட்டார், ஸ்டியரிங், லைட் மூன்றும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருகின்றன. அப்படியென்றால் ரிசீவருக்கு வரும் மின்சாரமே அறுந்திருக்கிறது. சிக்னல் போனாலும் வண்டி நிற்கும்தான், ஆனால் லைட் அணையாது. கிராலரை நாம் ஓட்டுவதோ கூப்பிடு தூரத்துக்கும் பக்கத்தில், அவ்வளவு கிட்டத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் சிக்னலை இழப்பது அபூர்வம். ரிமோட் பேட்டரியும் பைண்டும் கைகொடுக்காததற்குக் காரணம் அதுதான்.

சரி, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஈஎஸ்சிக்குள்ளேயே பிஇசி என்று ஒரு சின்னச் சுற்று இருக்கிறது. பெரிய பேட்டரியின் வோல்ட்டேஜை 6 வோல்ட் அளவுக்குக் குறைத்து ரிசீவருக்கும், ரிசீவர் வழியாக சர்வோவுக்கும் கொடுப்பது அதன் வேலை. வண்டியோடு வரும் சாதாரண ஈஎஸ்சிகளில் இது 2 அல்லது 3 ஆம்ப் வரைதான் தாங்கும், பழைய சின்ன சர்வோவுக்கு அது தாராளம். ஆனால் 35 கிலோ சர்வோ சக்கரத்தை அசைக்க முடியாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது 4, 5 ஆம்ப் கேட்கும், சிலது அதற்கும் மேலே போகும். பாவம், பிஇசியால் அவ்வளவு கொடுக்க முடியாது. வோல்ட்டேஜ் சரசரவென்று இறங்கும். ரிசீவர்கள் பெரும்பாலும் 3.5 வோல்ட் பக்கம் வந்ததுமே அணைந்துவிடும். அணைந்தால் சர்வோ இழுப்பதை நிறுத்தும், சுமை போனதும் வோல்ட்டேஜ் மேலே வரும், ரிசீவர் திரும்ப எழுந்து ரிமோட்டைத் தேடிப் பிடிக்கும். உங்களுக்கு ‘ஒரு நொடி’ என்று தெரிவது இந்த எழுந்திருக்கும் நேரம்தான். சமதரையில் சர்வோ முட்டுவதே இல்லை, அதனால் அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

இதை உறுதி செய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். ரிசீவரில் காலியாக இருக்கும் ஒரு சேனலில் பழைய சர்வோ ஒயர் ஒன்றைச் செருகி, அதன் சிவப்பிலும் கறுப்பிலும் மீட்டரை மாட்டுங்கள். மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள், கழற்றிய முனைகள் ஒன்றோடொன்று தொடாமல் டேப் சுற்றுவது முக்கியம். இப்போது இரண்டு முன்சக்கரங்களையும் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது 6 காட்டிய மீட்டர் 5க்கும் கீழே போனால் திருடன் அகப்பட்டான். ஆனால் மீட்டர் மெதுவான கருவி. கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும் சரிவை அது பாதிதான் காட்டும், 4.8 என்று நீங்கள் படித்தால் உண்மையில் அது இன்னும் கீழே போயிருக்கும். மீட்டரில் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சில ரிமோட்டுகள் ரிசீவர் வோல்ட்டேஜைத் திரையிலேயே காட்டும், அதுவும் உதவும்.

மோட்டார் இல்லாமலே வண்டி செத்தால் பிஇசிதான் காரணம், சந்தேகமே வேண்டாம். மோட்டாரைத் திரும்ப மாட்டிய பிறகுதான் சாகிறது என்றால் பிரதான பேட்டரியும் அதன் கனெக்டரும் சந்தேகத்துக்கு உரியவை. வீங்கிய லைப்போ, தளர்ந்த கனெக்டர், சரியாகப் பற்றாத ஈயப் பற்றவைப்பு இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். ஓடி முடித்ததும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள், அங்கே சூடு இருந்தால் இணைப்பு சரியில்லை.

பணம் செலவழிக்கும் முன் ரிமோட்டில் எண்ட் பாயிண்டை, அதாவது ஸ்டியரிங் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லையைப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு, ஏனென்றால் ஒரு நல்ல சர்வோ இதனால்தான் சீக்கிரம் கருகுகிறது. சக்கரம் ஓரளவுக்கு மேல் திரும்பாது, ஆக்ஸிலில் முட்டிக்கொள்ளும். ரிமோட் இன்னும் திருப்பச் சொன்னால் சர்வோ அந்த முட்டுக்கட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டியைத் தூக்கிப் பிடித்து முழுசாக ஒடித்துவிட்டு, காதை சர்வோ பக்கம் கொண்டுபோங்கள். ‘ங்ங்ங்’ என்று விடாத ரீங்காரம் கேட்டால் அது முட்டிக்கொண்டு மின்சாரத்தைக் குடிக்கிறது என்று பொருள். ரீங்காரம் அடங்கும் வரை எண்ட் பாயிண்டைக் குறையுங்கள், இடம் வலம் தனித்தனியாக. சர்வோவின் உடல் சுடுவது இதோடு குறைந்துவிடும். புது சர்வோ மாட்டிய எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

இதற்குப் பிறகும் பிரச்சினை இருந்தால் தனி பிஇசி ஒன்று வாங்குங்கள், ஈஎஸ்சி வேண்டாம். தொடர்ந்து 10 ஆம்ப் கொடுக்கக்கூடியது போதும். பேட்டரி ஒயரிலிருந்து நேராக இதற்கு மின்சாரம் எடுத்து, வெளியே வருவதை 6 வோல்ட்டில் வையுங்கள். சர்வோ 7.4 தாங்கும் என்று எழுதியிருந்தாலும் ரிசீவர் தாங்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: தனி பிஇசியை ரிசீவரில் செருகினால், ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று ஒயரில் நடுவில் இருக்கும் சிவப்பை மட்டும் உருவி எடுத்து டேப் சுற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பிஇசிகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒயர் வேலை செய்யத் தெரிந்தவர் என்றால் சர்வோவின் சிவப்பையும் கறுப்பையும் ரிசீவருக்குள் விடாமல் நேராக பிஇசிக்கே கொண்டுபோங்கள். சிக்னல் ஒயர் மட்டும் ரிசீவருக்குப் போகட்டும், கறுப்பு ஒயர்கள் எல்லாம் எங்காவது ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த மெல்லிய ரிசீவர் பின்கள் 5 ஆம்ப் சுமக்கச் செய்யப்பட்டவை அல்ல.

ரிசீவரில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் செருகினால் சரியாகிவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பற்றாக்குறை 2 ஆம்ப், வோல்ட்டேஜ் 6இலிருந்து 4க்கு இறங்க எவ்வளவு நேரம்? ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்குகூட இல்லை. சர்வோ துள்ளித் திரும்பும் கணத்துக்கு அது உதவும், பாறையில் மாட்டிக்கொண்டு ஒரு நொடி முழுக்க முக்கும் சர்வோவுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தனி பிஇசி போட்ட பிறகு கூடுதலாக மாட்டினால் நல்லது, அவ்வளவுதான்.

மூன்று செல் பேட்டரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. சில விலை குறைந்த ஈஎஸ்சிகளில் பிஇசி மிச்ச வோல்ட்டேஜை வெறும் சூடாகக் கழிக்கும் வகையாக இருக்கும். இரண்டு செல்லில், அதாவது 7.4 வோல்ட்டில், 1 ஆம்புக்கு 1.4 வாட் சூடு. மூன்று செல்லில் அதே 1 ஆம்புக்கு 5.1 வாட். நகத்தளவு சில்லு அதை எவ்வளவு நேரம் தாங்கும்?

மோட்டார் இரைச்சலுக்கு வருகிறேன் என்றேன் அல்லவா, அது உங்கள் பிரச்சினை இல்லை, ஆனால் பிரஷ் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒருநாள் வரும். பிரஷ் தேய்ந்து பொறி அதிகமாகப் பறக்கும்போது சர்வோ நடுங்கும். 104 என்று எழுதிய செராமிக் கெப்பாசிட்டர் மூன்று வேண்டும்: ஒன்று இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் இரும்பு உடலுக்கு. உடலைச் சுரண்டிவிட்டு ஈயம் வையுங்கள், இல்லாவிட்டால் ஒட்டாது.

கடைசியாக ஒயரைப் பார்க்க மறக்காதீர்கள், அளந்து பார்த்து வோல்ட்டேஜ் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்தால் முக்கியமாக. என் வண்டி ஒன்றில் ஸ்டியரிங் மட்டும் இதே மாதிரி செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது, தனி பிஇசி போட்டும் தீரவில்லை. முன் ஆக்ஸில் ஒரு பக்கமாகச் சாயும்போது மட்டும் வருகிறது என்று பிறகுதான் கவனித்தேன். சர்வோ ஆக்ஸில் மேல் உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொரு பாறையிலும் அந்த ஒயர் மேலும் கீழும் மடங்கி நிமிர்கிறது. சர்வோ உடலிலிருந்து வெளியே வரும் இடத்தில் மேலுறை முழுசாகத்தான் இருந்தது, விரலால் மடக்கியபோது மட்டும் கறுப்பு ஒயர் அந்த ஓரிடத்தில் நூல் மாதிரி தொய்ந்தது. உறையை உரித்தால் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்து, இரண்டோ மூன்றோதான் தொட்டுக்கொண்டிருந்தன. அந்த இரண்டு மூன்று மயிரிழையில்தான் சர்வோவின் மொத்த மின்சாரமும் திரும்பிக்கொண்டிருந்தது. தண்ணீரில், சேற்றில் ஓட்டுகிறவர்கள் அந்த இடத்தை அடிக்கடி விரலால் மடக்கிப் பாருங்கள். ஆக்ஸில் முழுசாகத் தொங்கும்போதும் ஒயர் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, ஆக்ஸிலை வண்டியோடு இணைக்கும் லிங்க் கம்பியில் கட்டுங்கள்.

ஆக உங்களுக்கு வரிசை: எண்ட் பாயிண்ட், சக்கரத்தைப் பிடித்து அளவு, ஒயர், அப்புறம் தேவைப்பட்டால் தனி பிஇசி. மாட்டி முடித்ததும் அதே மாதிரி சக்கரத்தை இறுகப் பிடித்து மறுபடி அளந்து பாருங்கள். முழு ஒடிப்பில் 5.5க்குக் கீழே இறங்கவில்லை என்றால் வண்டியைப் பழைய பாறைக்கே எடுத்துப் போகலாம்.